ஆடிக்கு முன் வைத்த நிலை

ஜபல்பூர்
20.6.98

தம்பி சிதம்பரத்துக்கு அக்கா எழுதிக்கொண்டது.

சுகமா என்று கேட்கமாட்டேன். நீ மூன்றாம் தரம் சோறு போட்டுச் சாப்பிடுகிறாய் என்று சாதனா போனில் சொல்லிவிட்டாள். என் மகளை உன் டாக்குரியா வீட்டில் தங்கிப் படிக்கவிட்டது காலேஜுக்காக மட்டும் என்றா நினைத்தாய்? உன்னை உளவு பார்க்கவும் ஓர் ஆள் வேண்டாமா?

சரி, காரியத்துக்கு வருகிறேன். அத்தானுக்கு அடுத்த வருஷம் நவம்பரோடு பாக்டரி வேலை முடிகிறது. பிறகு குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். தென்காசிக்கே வந்துவிடுங்கள் என்று சித்தப்பா எழுதிக்கொண்டே இருக்கிறார். அத்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்கத்தா பக்கம் இச்சாப்பூர் பாக்டரியில் இருந்த காலத்திலிருந்தே கல்கத்தாதான் இவர்களுக்கு ஊர். மீன் வாசனை அடிக்காத தெருவில் தூக்கம் வரவில்லையாம். சாப்பிடுவது என்னவோ தயிர்ச்சோறு!

பாலிகஞ்சில் நீ கட்டுகிற நாலாம் மாடி வீட்டை நம்பித்தான் இருக்கிறோம். கட்டி விற்பது அந்த நரேன் பாபுவாக இருக்கட்டும், காண்ட்ராக்ட் என் தம்பி கையில் என்பதால்தான் அத்தான் கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் போட்டார்கள். இந்த ஆனி முடிவதற்குள் வாசலுக்கு நிலை வைத்துவிடு. ஆடி பிறந்தால் கூடாது. ஆவணிவரை காத்திருந்தால் தையில் பால் காய்ச்ச முடியாது. ஜூலை பதின்மூன்றாம் தேதி திங்கட்கிழமை நல்ல நாள் என்று இங்கே ஒரு ஜோசியர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். மறந்துவிடாதே.

அக்கா
சுந்தரி

*

டாக்குரியா
3.7.98

அக்காவுக்கு,

உன் கடிதத்தை என் வீட்டம்மா சங்கரி எனக்கு முன்னால் வாசித்துவிட்டு, இன்றுமுதல் இரண்டு தரம்தான் சோறு என்று சொல்லிவிட்டாள். உளவாளி ஒன்றும் தெரியாதவள்போல் பெங்காலிப் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நிலை விஷயத்தில் ஒரு சங்கடம். ஜூலை ஒன்றாம் தேதி கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து, வேலையை நிறுத்தச் சொல்லிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்கு மூன்றாம் மாடிவரைதான் அனுமதியாம். என் கையில் கொடுத்த வரைபடத்தில் நாலாம் மாடி இருக்கிறது. முத்திரை போட்ட பிளான் நரேன் பாபுவின் அலமாரியில் இருக்கிறது. இங்கே நாங்கள் எல்லோரும் இப்படித்தான் வேலை செய்கிறோம். புரமோட்டரிடம் முத்திரையைக் காட்டு என்று கேட்கிற காண்ட்ராக்டருக்கு அடுத்த வேலை கிடைக்காது.

நேரே போய்க் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார். "அரே சித்து, திருத்தின பிளான் கார்ப்பரேஷனுக்கு உள்ளே போயிருக்கு. ஹோயே ஜாபே" என்றார். ஆகிவிடும் என்று அர்த்தம். இந்த ஊரில் இந்த இரண்டு வார்த்தையில்தான் எல்லாக் கட்டடமும் எழும்புகிறது. எனக்கும் அது பழகிவிட்டது. ஆனாலும் அந்தத் தாள் கிழியும்வரை பொறுத்துச் செய்யலாமே என்று தோன்றுகிறது. அத்தானிடம் கேட்டு எழுது.

சிதம்பரம்

*

ஜபல்பூர்
7.7.98

சிதம்பரம்,

அத்தானிடம் கேட்கவில்லை. கேட்டால் இவர்கள் பாக்டரி ரூல் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

நோட்டீஸ் ஒட்டாத கட்டடம் கல்கத்தாவில் எது? நீதானே முன்பு சொல்வாய், கட்டடம் பாதி செங்கல், பாதி நோட்டீஸ் என்று. இப்போது அக்கா வீட்டுக்கு மட்டும் உனக்குப் பயம் வந்துவிட்டதா? சுவர் எழுப்பச் சொன்னேனா, கான்கிரீட் போடச் சொன்னேனா? ஒரு மரச்சட்டம். மஞ்சள், குங்குமம், ஒரு தேங்காய். அரை மணி நேர வேலை. கல்யாணமான நாளிலிருந்து குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக மாறிக்கொண்டே இருக்கிறேன் தம்பி. எனக்கென்று ஒரு வாசல் இதுவரை இல்லை. அதை ஆடியில் வைத்து அபசகுனம் ஆக்கிவிடாதே.

சாதனாவையும் சங்கரியையும் கூட்டிக்கொண்டு போ. போட்டோ எடுத்து அனுப்பு. நான்தான் அங்கே நிற்கக் கொடுத்துவைக்கவில்லை.

சுந்தரி

*

டாக்குரியா
15.7.98

அக்காவுக்கு,

நிலை வைத்தாயிற்று. மிச்ச வேலையும் நரேன் பாபு சொன்னபடி நிற்காமல் நடக்கிறது. திங்கட்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. சங்கரி மாவிலை தேடி கரியாஹாட் மார்க்கெட்டையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மிஸ்திரிகள் முர்ஷிதாபாத் ஆட்கள், மரச்சட்டத்துக்கு எதற்கு இத்தனை உபசாரம் என்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவர்களே பிடித்துத் தூக்கி நிறுத்தி, தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்தார்கள். நான் குங்குமம் வைத்தேன். மூன்றாம் மாடியில் ஏற்கனவே குடிவந்துவிட்ட பெங்காலி அம்மா, மாஷிமா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம், என்னவோ பூஜை என்று நினைத்துப் பிரசாதம் கேட்டு மேலே வந்துவிட்டார். தேங்காயில் பாதியைக் கொடுத்து அனுப்பினோம்.

சாதனா புதுக் கேமராவில் எடுத்த படங்கள் இதோடு இருக்கின்றன. ஒன்றில் நான் முறைத்துக்கொண்டு நிற்கிறேன். அது முறைப்பு இல்லை, கண்ணில் வெயில்.

எனக்கும் அன்றைக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

சிதம்பரம்

*

ஜபல்பூர்
12.2.99

சிதம்பரத்துக்கு,

பால் காய்ச்ச இங்கிருந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது சாதனாவின் போன் வந்தது. நம் வீட்டுக் கதவில் இடிப்பு உத்தரவு ஒட்டியிருக்கிறது என்கிறாள். அவள் அழுகிற அழுகையில் பாதி பெங்காலி, பாதி இங்கிலீஷ். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இடிப்பு என்பது மட்டும் புரிந்தது.

உனக்கு இது எப்போது தெரியும்? உண்மையைச் சொல். நாலாம் மாடிக்கே அனுமதி கிடையாது, திருத்தின பிளான் என்று ஒன்று உள்ளே போகவே இல்லை என்று இப்போது சொல்கிறார்களாமே? நீ கட்டினவன்தானே? எதைக் கட்டுகிறோம் என்று தெரியாமல் கட்டுவாயா? ஊரான் வீடு என்றால் நரேன் பாபு தலையில் போட்டுவிட்டு நீ போய்விடலாம். இது நான் ஆயுசில் கேட்ட ஒரே வீடு.

போன் வந்தால் அத்தான் எடுத்து வைத்துவிடுகிறார்கள். உன்னோடு பேசக்கூடாது என்று எனக்கும் உத்தரவு. திருட்டுத்தனமாகத்தான் இதை எழுதுகிறேன். ஹைகோர்ட்டில் வக்கீல் வைத்தாயிற்று. இடிக்கக்கூடாது என்று நாங்களே மனுப் போடுகிறோம். வீடு எப்போதோ எங்கள் கைக்கு வந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சி கேட்டார் வக்கீல். நிலை வைத்த படங்களை அத்தான் தேதிவாரியாக அடுக்கி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார்கள். நீ செய்யாததை அவர்கள் செய்கிறார்கள்.

சுந்தரி

*

டாக்குரியா
14.2.99

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போன் செய்தால் அத்தான் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்.

நரேன் பாபுவின் ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. வீட்டில் கேட்டால் புரிக்குப் போயிருக்கிறார் என்கிறார்கள். ஜகன்னாதரே இதற்குள் அவரை அலுத்துப் போய்த் திருப்பி அனுப்பியிருப்பார். இடிப்பு விசாரணை நாளில் நான் கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போனேன். கையில் வொர்க் ஆர்டர், வரைபடம் எல்லாம் கொண்டுபோயிருந்தேன். "நீங்கள் இடத்துக்குச் சொந்தக்காரரா?" இல்லை. "புரமோட்டரா?" இல்லை. "வீடு வாங்கினவரா?" இல்லை. "அப்படியானால் உங்களுக்கு இங்கே என்ன வேலை?" என்றார் அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார். காண்ட்ராக்டர் எழுந்து நின்று பேசச் சட்டத்தில் ஓர் இடமும் இல்லையாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

இந்த ஒன்றைமட்டும் கேள். எந்த வக்கீலிடம் போனாலும் போங்கள், அந்த நிலை வைத்த போட்டோவைக் கொடுத்துவிடாதீர்கள். அதன் மூலையில் கேமரா தேதி போட்டிருக்கிறது. நோட்டீஸுக்குப் பிந்தின தேதி. அத்தானிடம் உடனே சொல். காலில் விழுந்து கேட்கிறேன்.

சிதம்பரம்

*

டாக்குரியா
3.9.99

அக்கா,

கோர்ட்டில் நேற்று என்ன நடந்தது என்று உன் வக்கீல் இங்கிலீஷில் எழுதுவார். அது உனக்குப் புரியாது. நான் எழுதுகிறேன்.

உங்கள் வக்கீல்தான் படத்தை எடுத்துக் கொடுத்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். கார்ப்பரேஷன் வக்கீல் எழுந்து, நோட்டீஸ் ஜூலை ஒன்று, படம் ஜூலை பதின்மூன்று, வேலை நிறுத்தப்படவில்லை என்பதை மனுதாரரே நிரூபித்துவிட்டார் என்றார். அவ்வளவுதான் பேசினார். நீதிபதி, "இதில் குங்குமம் வைக்கிறவர் யார்?" என்று கேட்டார். உங்கள் வக்கீல் பெருமையாக, "பில்டர், மை லார்ட். வீடு வாங்கினவரின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி" என்றார். தம்பி கட்டினார், அக்கா வாங்கினார், இரண்டு பேருக்கும் நோட்டீஸ் தெரியும், இதில் ஏமாந்தவர் யார் என்று கேட்டார் நீதிபதி. எனக்குப் பேச வாய் வந்தது, பேச அனுமதி இல்லை.

உங்கள் மனு தள்ளுபடி. நாலாம் மாடியைப் பூஜா லீவு முடிந்ததும் இடிக்க வேண்டும். யார் இடிப்பது என்று கேட்காதே. கட்டினவர் இடிக்க வேண்டும், தன் செலவில், இஞ்சினியர் மேற்பார்வையில், கீழ் மாடிகளுக்குச் சேதம் இல்லாமல். நரேன் பாபுவையும் சேர்த்துத்தான் உத்தரவு. அவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. மிச்சம் இருப்பது நான். பிப்ரவரியில் எனக்குப் பெஞ்சில் மட்டும்தான் இடம் இருந்தது. இப்போது உத்தரவில் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எல்லாம் பிழையில்லாமல் அச்சடித்திருக்கிறார்கள்.

சிதம்பரம்

*

ஜபல்பூர்
20.9.99

தம்பி,

பிப்ரவரியில் நீ எழுதிய கடிதம் வந்தபோது படங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. அத்தானிடம் காட்டினேன். "உன் தம்பி தன்னைக் காப்பாத்திக்கிறதுக்கு எழுதுதான்" என்றார்கள். நானும் அதை நம்பினேன். நிலை வை வை என்று உயிரை எடுத்தவள் நான், அதையும் மறந்துவிட்டு நம்பினேன்.

தீர்ப்பைக் கேட்ட அன்று அத்தான் சாப்பிட உட்கார்ந்தவர்கள் இடப்பக்கமாகச் சாய்ந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் வைத்திருந்து இப்போது வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். கை இன்னும் சரியாக வரவில்லை. பேச்சு வந்துவிட்டது.

ஒன்று கேட்கிறேன். நீ அதைச் செய்யாதே. வேறு யாராவது வந்து இடித்துக்கொண்டு போகட்டும். கோர்ட்டுக்கு இடிபட வேண்டும், அவ்வளவுதானே? யார் கை என்பதா முக்கியம்? எனக்கு அது முக்கியம் சிதம்பரம். இன்னொருத்தன் இடித்தால் மனசு ஆறும்வரை அவனைத் திட்டுவேன். நீ இடித்தால் நான் யாரைத் திட்டுவது?

படம் எடுத்தது நான்தானே என்று சாதனா போனில் அழுகிறாள். சங்கரியிடம் சொல்லி அவளைச் சாப்பிட வை.

சுந்தரி

*

டாக்குரியா
8.12.99

அக்காவுக்கு,

செய்துவிட்டேன். என்னைத் திட்டிக்கொள்.

மாட்டேன் என்று சொல்லப் பார்த்தேன். உத்தரவை மீறினால் கேஸ், உள்ளே போக வேண்டும், அரசாங்க வேலை எதற்கும் டெண்டர் போட முடியாது. அதையும் துணிந்திருப்பேன். ஆனால் அவர்களே இடிப்பதென்றால் கூலிக்கு ஆள் வைத்து மேலிருந்து சம்மட்டியால் போட்டுத் தள்ளுவார்கள். கீழே மாஷிமா வீட்டுக் கூரை தாங்காது. நான் கட்டின கூரை, எனக்குத் தெரியும். ஓடிப்போகலாமா என்றுகூட யோசித்தேன். நரேன் பாபுவுக்குப் புரி இருக்கிறது, எனக்குப் போகத் தென்காசிகூட இல்லை. அங்கே சித்தப்பா கேள்வி கேட்பார்.

அதே மிஸ்திரிகள்தான் வந்தார்கள். கூரையில் ஆரம்பித்தோம். அக்கா வீடாயிற்றே என்று கம்பியை வழக்கத்தைவிட நெருக்கிப் போட்டிருந்தேன், சிமென்டும் தாராளம். அது உடையமாட்டேன் என்றது. கீழே நாலு குடும்பம் இருக்கிற மாடிகளில் கணக்காகப் போட்டவன், மேலே உன் தலைக்கு மேல் மட்டும் கோட்டை கட்டியிருக்கிறேன். இஞ்சினியர் தினம் வந்து ஏன் இவ்வளவு தாமதம், ஏன் இத்தனை கம்பி என்று கேட்டார். ஒரு மிஸ்திரி, "எது கார் பாடி, பாபு?" என்று கேட்டான். யார் வீடு என்று. என் தீதியின், அக்காவின், வீடு என்றேன்.

மாஷிமா முதல் நாள் தூசி என்று சண்டை போட்டார். மறுநாளிலிருந்து ஆட்களுக்குச் சேர்த்து டீ அனுப்பினார். நிலையை உடைக்காமல் பெயர்த்து என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். என்ன செய்யவென்று நீதான் சொல்ல வேண்டும்.

இடித்தது ஒழுங்காக இருக்கிறதென்று இஞ்சினியர் எழுதிக் கொடுத்தார். இத்தனை வருஷத் தொழிலில் கையெழுத்துக்கு அலையவிடாமல் எனக்குக் கிடைத்த ஒரே தாள் அது.

சிதம்பரம்

*

ஜபல்பூர்
2.1.2000

என் தம்பி சிதம்பரத்துக்கு,

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. கம்பியை நெருக்கிப் போட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதை வாசித்துவிட்டு அடுப்படியில் போய் அழுதேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் வாய்மேல்தான் கோபம். எழுதி வைத்துவிடுகிறேன், நேரில் சொல்ல எனக்கு வராது.

உன் கடிதத்தை அத்தானிடம் காட்டவில்லை. ஒளித்து வைத்திருக்கிறேன். இடிந்தது அவர்களுக்குத் தெரியாது. அப்பீல் போட்டிருக்கிறது, அது முடியும்வரை யாரும் கை வைக்க முடியாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்பீல் என்று ஒன்று கிடையாது. நரேன் பாபுமேல் தனியாக வழக்குப் போட்டுக்கொள் என்கிறார் வக்கீல், ஆளைக் காணாமல் யார்மேல் போடுவது? டாக்டர் அதிர்ச்சி ஆகாது என்கிறார். இவர்களுக்குப் பாக்டரி வேலையும் முடிந்துவிட்டது. குவார்ட்டர்ஸில் உடம்பைக் காரணம் காட்டி இன்னும் சில மாதம் இருக்க அனுமதித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. இவர்கள் என்னடாவென்றால் வலக்கையால் ஒவ்வொரு பெட்டியாகக் கட்டி, கல்கத்தா, கல்கத்தா என்று எழுதி வைக்கிறார்கள்.

நேற்று, "சிதம்பரத்துக்கு நான் ரொம்பக் கடுமையா இருந்துட்டேன். அவன்ட்ட இருந்து ஒரு கடுதாசி வந்தா நல்லாருக்கும்" என்றார்கள். தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள்.

ஒரு கடிதம் எழுது தம்பி. நான் வாசித்துக் காட்டுகிறமாதிரி எழுது. என்ன எழுத வேண்டும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்படிக் கேட்பது பாவமா என்று தெரியவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சுந்தரி

*

டாக்குரியா
9.1.2000

அக்காவுக்கும் அத்தானுக்கும் சிதம்பரம் வணக்கம்.

அத்தான், உங்களுக்கு உடம்பு தேறி வருகிறது என்று அக்கா எழுதியிருந்தாள். நீங்கள் கோபப்பட்டதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் போனை வைத்திருக்கமாட்டேன், உடைத்திருப்பேன்.

அப்பீல் விஷயமாக வக்கீலைப் பார்த்தேன். நிதானமாகத்தான் நடக்கும், கவலைப்பட ஒன்றும் இல்லை என்றார். வேலை சும்மா கிடக்க வேண்டாமென்று உள்பூச்சை முடித்துவிட்டேன். ஹாலில் ஜன்னலை ஒட்டி உங்கள் சாய்வு நாற்காலி போட இடம் விட்டிருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் தெருவில் மீன் விற்கிறவன் கூப்பிடுவது நன்றாகக் கேட்கும். குளியலறையில் நீங்கள் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வசதியாகச் சுவரில் ஒரு கைப்பிடி வைத்திருக்கிறேன். ஹாலுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று சங்கரிக்கும் சாதனாவுக்கும் தினமும் சண்டை. நீங்கள் ஒரு நிறம் சொன்னால் சண்டை தீரும். அக்காவை எழுதச் சொல்லுங்கள்.

பெட்டிகளை மட்டும் இப்போது அனுப்ப வேண்டாம். பூச்சு பச்சையாக இருக்கிறது. இந்தக் குளிரில் ஈரச் சுவர் உங்கள் உடம்புக்கு ஆகாது. நன்றாகக் காயட்டும் அத்தான். காய்ந்ததும் நானே எழுதுகிறேன்.

உங்கள் மைத்துனன்
சிதம்பரம்